பணம் கொடுத்தாச்சு, போய்ச் சேர்ந்ததா? மெக்கானிக்ஸ் லியன் பற்றி ஓர் அறிமுகம்

கலிபோர்னியாவில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் பிரித்துப்போட்டு வேலை நடந்துகொண்டிருந்த நேரம். சுவரில் பாதி இல்லை. ஹாலில் மைக்ரோவேவை வைத்துக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அனுப்பிய கம்பெனியின் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. உள்ளே இருந்த தாளின் சாரம் இதுதான்: உங்கள் கான்ட்ராக்டருக்கு முழுப் பணத்தையும் நீங்கள் கொடுத்துவிட்டிருந்தாலும், எங்களுக்கு வரவேண்டியது வராவிட்டால் உங்கள் சொத்தின் மேல் லியன் (பாக்கிக்காகச் சொத்தைப் பிடித்துவைக்கும் உரிமை) விழலாம், அதன் பேரில் வழக்கு நடந்து, சொத்து முழுவதையுமோ ஒரு பகுதியையோ நீங்கள் இழக்கவும் நேரலாம்.

"யாருங்க இவங்க? இவங்ககிட்ட நாம என்ன வாங்கினோம்?" என்று கேட்டாள் மனைவி.

நேராக எதுவும் வாங்கவில்லை. கான்ட்ராக்டர் கேபினெட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்த பட்டறை அது. அவருக்குப் போன் செய்தால் அவர் பதறவே இல்லை. எல்லா வேலையிலும் வரும், ஃபைலில் போட்டுவையுங்கள் என்றார். அது சரிதான். ஆனால் அந்தத் தாள் எதற்காக வருகிறது என்று தெரியாமல் ஃபைலில் போட்டுவைத்தால், கடைசியில் ஒரே கேபினெட்டுக்கு இரண்டு முறை பணம் கட்டும் நிலை வரலாம். அமெரிக்காவில் வீடு வாங்கி, அதில் ஏதாவது இடித்துக் கட்ட நினைக்கிற நம்மவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வீட்டில் லியன் விழுந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும். விழாமல் பார்த்துக்கொள்ள இந்த அளவு போதும்.

ஆசாரியும் கொத்தனாரும்

ஆசாரியிடம் தங்கத்தைக் கொடுத்துச் செயின் செய்யச் சொல்கிறோம். கூலி தராமல் செயினைக் கேட்டால் கொடுப்பாரா? மாட்டார். கொடுக்க வேண்டியதும் இல்லை. இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவில் இந்த உரிமையைத் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே எடுத்துக்காட்டே இருக்கிறது. அடுத்த எடுத்துக்காட்டு ஒரு தையல்காரர். மூன்று மாதம் கழித்துக் காசு கொடுத்தால் போதும் என்று அவரே சொல்லிவிட்டால், கோட்டைப் பிடித்துவைக்க முடியாது. பொருளைப் பிடித்துவைக்கும் இந்த உரிமைக்குத்தான் ஆங்கிலத்தில் லியன் என்று பெயர். சட்டத் தமிழில் பற்றுரிமை.

கொத்தனார் என்ன செய்வார்? கட்டின சுவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக முடியாது. டைல்ஸ் ஒட்டினால் ஒட்டினதுதான். அது வீட்டோடு சேர்ந்து வீட்டுக்காரரின் சொத்தாகிவிடும். பெயர்த்தெடுத்தால் உடைந்த சில்லுக்கு யாரும் காசு தரமாட்டார்கள், வழக்கு வேறு வரும். கையால் பிடித்துவைக்க முடியாததைப் பதிவேட்டில் பிடித்துவைக்கச் சட்டம் கொடுத்த வழிதான் மெக்கானிக்ஸ் லியன். நம் ஊரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அடமானம் தெரியுமே, அதுபோல அங்கே கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ரெக்கார்டர் அலுவலகப் பதிவில் உங்கள் வீட்டின் பெயரில் இந்த வில்லங்கம் ஏறிவிடும். வீட்டை விற்கப் போனாலும், பழைய வீட்டுக் கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கி ரீஃபைனான்ஸ் செய்யப் போனாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பெயரைக் கேட்டதும் கார் மெக்கானிக் நினைவுக்கு வரும். இந்தப் பெயர் வந்த காலத்தில் கார் ஏது! தச்சர், கொல்லர், கொத்தர் என்று கைத்தொழில் செய்த எல்லாரையும் அப்போது மெக்கானிக் என்றே சொன்னார்கள்.

அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் போட்டது மேரிலாந்து மாநிலம், 1791இல். வாஷிங்டன் நகரம் அப்போது காடும் வயலுமாகத்தான் கிடந்தது. அங்கே தலைநகர் எழுப்ப வேண்டும். வேலைக்காரர்களும் மரம், செங்கல் தருகிறவர்களும் யாரை நம்பி வருவார்கள்? கட்டின கட்டடத்தின் மேலேயே உங்கள் கூலிக்குப் பிடிமானம் உண்டு என்று சொன்னால் வருவார்கள். இந்தச் சட்டத்தைக் கேட்டு வற்புறுத்தியவர்களில் தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மாடிசனும் உண்டு. பிற்பாடு நாட்டின் மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது. கலிபோர்னியா ஒரு படி மேலே போய், தொழிலாளிக்கும் பொருள் தருகிறவருக்கும் உள்ள இந்த உரிமையைத் தன் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறது: 14ஆம் பகுதி, 3ஆம் பிரிவு. சட்டமன்றம் நினைத்தால்கூடச் சுலபமாக எடுத்துவிட முடியாது.

நாலு கை மாறும் காசு

அப்பா ஊரில் வீடு கட்டியபோது சனிக்கிழமை சாயங்காலம் நானும் கூடப் போவேன். மணல் குவியல் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர் என்று ஒவ்வொருவர் கையிலும் அப்பாவே கூலியைக் கொடுப்பார். சிமெண்ட் கடைக்கும் அவரே பணம் கட்டுவார். யாருக்குப் பாக்கி என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.

அமெரிக்காவில் நாம் கையெழுத்துப் போடுவது ஒரே ஒருவரோடு, ஜெனரல் கான்ட்ராக்டரோடு. அவர் பிளம்பரைப் பிடிப்பார், எலக்ட்ரீஷியனைப் பிடிப்பார், கேபினெட்டுக்கு ஆர்டர் கொடுப்பார். பிளம்பர் தன் பங்குக்குக் குழாயும் ஃபிட்டிங்கும் ஒரு கடையில் கடனாக எடுத்திருப்பார். நாம் கொடுக்கும் செக் இப்படி மூன்று நாலு கை தாண்டிப் போக வேண்டும். நடுவில் ஒரு கை மூடிக்கொண்டால் கடைசியில் இருப்பவருக்கு ஒன்றும் போகாது. அவருக்கு நம்மோடு ஒப்பந்தமே கிடையாது, சாதாரணமாக நம்மேல் கடன் வழக்குப் போட முடியாது. ஆனால் அவருடைய உழைப்பு நம் சுவரில் இருக்கிறது. அதனால் ஆளை விட்டுவிட்டு வீட்டைப் பிடிக்கச் சட்டம் வழி விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள்தான் இவை. சமையலறை வேலை 80,000 டாலர். வீட்டுக்காரர் முதலில் 1,000. குழாய், ஒயர் வேலை இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் 20,000. கேபினெட் வந்து மாட்டியதும் 30,000. கல் மேடை போட்டதும் 20,000. எல்லாம் முடிந்ததும் 9,000 என்று பிரித்துக்கொள்கிறார். கேபினெட் பட்டறைக்குச் சேர வேண்டியது 22,000. மூன்றாம் தவணையை வாங்கிய கான்ட்ராக்டர், வேறொரு வீட்டில் விழுந்த நஷ்டத்தை அதை வைத்து அடைக்கிறார். பட்டறைக்குச் சல்லிக் காசு போகவில்லை. பட்டறைக்காரர் 22,000 டாலருக்கு லியன் பதிகிறார். வீட்டுக்காரர் கையில் மிச்சம் இருப்பது கடைசித் தவணை 9,000 மட்டும். அதை அப்படியே பட்டறைக்குத் திருப்பிவிட்டாலும் 13,000 டாலர் துண்டு விழுகிறது. அதற்கு அவர் கான்ட்ராக்டரைத்தான் துரத்த வேண்டும். கான்ட்ராக்டரோ அதற்குள் திவாலாகி இருப்பார்.

அநியாயம்தான். ஆனால் அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். பட்டறைக்காரர் மரத்தை அறுத்து, பாலிஷ் போட்டு, கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கேபினெட்டில் இன்றைக்குப் பருப்பு டப்பா வைத்திருப்பது வீட்டுக்காரர். ஏமாற்றியவரை வேலைக்கு வைத்ததும் அவர்தான். இரண்டு பேரும் ஏமாந்தவர்கள் என்றால் யார் நஷ்டத்தைச் சுமப்பது? தடுத்திருக்கக்கூடிய இடத்தில் இருந்தவர் சுமக்கட்டும் என்பது கலிபோர்னியாவின் கணக்கு. எனக்கு அது முழுக்கச் சம்மதம் இல்லை, ஆனால் காரணம் புரிகிறது.

அந்த உறை வருவது நல்லதுக்குத்தான்

தடுக்க வேண்டுமானால் வீட்டுக்காரருக்கு முதலில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்தப் பதிவுத் தபால். பிரிலிமினரி நோட்டீஸ் என்று பெயர். ஜெனரல் கான்ட்ராக்டர் தவிர மற்ற சப் கான்ட்ராக்டர்கள், சப்ளையர்கள் எல்லாரும் தங்கள் வேலையோ பொருளோ முதன்முதலாக வந்து இறங்கிய 20 நாளுக்குள் அதை வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும். கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளிக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை. நோட்டீஸ் அனுப்பாதவர் பொதுவாக லியன் உரிமையை இழப்பார். தாமதமாக அனுப்பினால் அனுப்பிய தேதிக்கு 20 நாள் முன்னால் வரைக்கும்தான் பின்னோக்கிச் செல்லும். மார்ச் 1 முதல் டைல்ஸ் ஒட்டுகிறவர் ஏப்ரல் 30 அன்றுதான் அனுப்பினார் என்றால், ஏப்ரல் 10க்கு முந்தைய வேலைக்கு லியன் கிடையாது.

அதனால் அந்த நோட்டீஸ் வந்தால் கோபப்பட வேண்டாம். இதை உங்கள் கான்ட்ராக்டரின் பண நிலைமை பற்றிய குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கும். நான் அன்று படபடப்பில் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. வேலை முடிவதற்குள் இன்னும் மூன்று உறை வந்தன. ஒவ்வொன்று வந்ததும் ஒரு நோட்டில் பெயர், என்ன வேலை, நோட்டீஸ் தேதி என்று எழுதிவைத்துக்கொண்டேன். அதுதான் பின்னால் உதவிய பட்டியல்.

வேலை முடிந்த பிறகு கெடு ஓட ஆரம்பிக்கும். வேலை முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் லியனைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் வேலை முடிந்த 15 நாளுக்குள் கவுண்டியில் 'வேலை முடிந்தது' என்று ஒரு நோட்டீஸ் பதிந்துவிட்டால் இந்தக் கெடு சுருங்கும்: ஜெனரல் கான்ட்ராக்டருக்கு 60 நாள், மற்றவர்களுக்கு 30 நாள். எனக்குத் தெரிந்து வீட்டு வேலை செய்கிற நம்மவர்கள் யாரும் இதைச் செய்வதில்லை. ஒரு பக்கப் படிவம்தான், சின்னக் கட்டணம். வேலை பாதியில் நின்று தொடர்ந்து 60 நாள் யாரும் வராவிட்டால் அதையும் வேலை முடிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

லியனைப் பதிந்தவரும் அதோடு உட்கார்ந்துவிட முடியாது. பதிந்த 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால் லியன் செத்துப்போகும். ஆனாலும் பதிவேட்டில் அந்த வரி தானாக அழியாது. அதை எடுக்கச் சொல்லிக் கேட்டு, அவர் எடுக்காவிட்டால் நீதிமன்றம் போய் எடுக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு, எப்போது கொடுப்பது

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். "மெட்டீரியல் வாங்கணும், பாதி அட்வான்ஸ் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுத்துப் பழகியவர்கள் நாம். கலிபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தத்தில் முன்பணம் 1,000 டாலர் அல்லது மொத்தத்தில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. 80,000 டாலர் வேலைக்கு முன்பணம் 8,000 இல்லை, வெறும் ஆயிரம். அதற்கு மேல் கேட்பது சட்டப்படி குற்றம். உரிமம் தரும் வாரியத்திடம் தனி ஜாமீன் பத்திரம் கட்டிவைத்திருக்கும் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதன் பிறகு வரும் தவணைகளும் அதுவரை முடிந்த வேலையின், வந்திறங்கிய பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது. ஊரில் அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகக் கொடுப்போமே, அந்தப் பழக்கம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும். 'மூன்றாம் வாரம் 20,000' என்று தேதியை வைத்து எழுதாமல், 'குழாய் வேலை இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆனதும் 20,000' என்று வேலையை வைத்து எழுதுங்கள்.

பெரிய கட்டடங்களில் இதையே இன்னும் விரிவாகச் செய்வார்கள். ஒப்பந்தத் தொகையை வேலைவாரியாகப் பிரித்து ஓர் அட்டவணை. மாதா மாதம் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் முடிந்தது என்று கான்ட்ராக்டர் பில் போடுவார், ஆர்க்கிடெக்ட் பார்த்துக் கையெழுத்திடுவார், பிறகு பணம். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் சங்கம் வெளியிடும் ஜி702, ஜி703 படிவங்கள் இதற்காகவே இருப்பவை. ஒவ்வொரு பில்லிலும் 5 அல்லது 10 சதவீதம் பிடித்துவைத்து, எல்லாம் முடிந்த பிறகு கொடுப்பது வழக்கம். ரிட்டென்ஷன் என்பார்கள். கான்ட்ராக்டர் கடைசிச் சில்லறை வேலைகளை விட்டுவிட்டு ஓடாமல் இருக்க இது ஒரு கயிறு. ஆனால் அஸ்திவாரம் தோண்டியவர் தன் பங்கு முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்த 10 சதவீதத்துக்குக் காத்துக் கிடப்பார். இதனால்தான் கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் செய்யப்படும் தனியார் கட்டுமான ஒப்பந்தங்களில் 5 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. நாலு மாடிக்கு மேற்படாத, வெறும் குடியிருப்பாக இருக்கும் கட்டடங்களுக்கு இது பொருந்தாது.

ஜெனரல் கான்ட்ராக்டருக்குப் பணம் வந்த 7 நாளுக்குள் அவர் தன் கீழுள்ளவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதும் அங்கே சட்டம். தாமதித்தால் மாதம் 2 சதவீதம் தண்டம். "ஓனர் எனக்குக் கொடுத்தால்தான் நான் உனக்குக் கொடுப்பேன், அவர் கொடுக்கவே இல்லை என்றால் உனக்கும் இல்லை" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அது லியன் உரிமையை மறைமுகமாகப் பறிப்பது, செல்லாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1997இல் சொல்லிவிட்டது. வேறு பல மாநிலங்களில் அப்படி எழுதினால் இன்றும் செல்லும்.

நான்கு படிவங்கள்

தலைவலியைத் தடுக்கும் மருந்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்: லியன் உரிமையை விட்டுக்கொடுக்கும் கடிதம். வேவர் அல்லது ரிலீஸ் என்று தளத்தில் எல்லாரும் சொல்வார்கள். கலிபோர்னியாவில் அதன் வாசகத்தைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. மொத்தம் நான்கு. நடுத் தவணைக்கு இரண்டு, கடைசித் தவணைக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று நிபந்தனையோடு, மற்றது நிபந்தனை இல்லாமல்.

நிபந்தனையுள்ளதில் கையெழுத்திடுகிறவர் சொல்வது: 'இந்தத் தொகைக்கான செக் எனக்குப் பாஸ் ஆனால், இந்தத் தேதி வரையிலான வேலைக்கு லியன் உரிமையை விடுகிறேன்.' செக் திரும்பினால் உரிமை அப்படியே இருக்கும். நிபந்தனையில்லாதது வேறு சாதி. கையெழுத்துப் போட்ட நிமிடமே உரிமை போய்விடும், காசு கைக்கு வந்திருந்தாலும் வராவிட்டாலும். பணம் வாங்காமல் இதில் கையெழுத்திடாதே என்கிற அர்த்தத்தில் ஓர் எச்சரிக்கையே படிவத்தின் தலையில் இருக்கும். நீங்கள் வேலை செய்து கொடுக்கும் பக்கம் இருந்தால், டைல்ஸ் கடையோ எலக்ட்ரிக்கல் வேலையோ நடத்துகிறவர் என்றால், அந்த எச்சரிக்கை உங்களுக்காகத்தான். "சும்மா ஃபார்மாலிட்டி, போட்டுக் கொடுங்க, நாளைக்குச் செக்" என்று யாராவது சொன்னால் நிபந்தனையுள்ள படிவத்தை நீட்டுங்கள்.

வீட்டுக்காரர் பக்கம் பழக்கம் இப்படி. இரண்டாம் தவணை கொடுக்கும்போது, அந்தத் தவணைக்கு நிபந்தனையுள்ள கடிதம். முதல் தவணை பாஸ் ஆகிவிட்டதல்லவா, அதற்கு நிபந்தனையில்லாத கடிதம். மூன்றாம் தவணைக்கும் இதே போல் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இதில் முக்கியமான விஷயம், கடிதம் ஜெனரல் கான்ட்ராக்டரிடம் மட்டும் வாங்கினால் போதாது. அவருக்குத்தான் நீங்கள் செக் கொடுத்தீர்கள், அவர் போட்டுக் கொடுப்பார். நோட்டில் எழுதிவைத்த பட்டியல் இருக்கிறதே, நோட்டீஸ் அனுப்பியவர்கள், அவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் வர வேண்டும். மேலே சொன்ன கணக்கில் வீட்டுக்காரர் கல் மேடைக்கான 20,000ஐக் கொடுப்பதற்கு முன் "கேபினெட் பட்டறையின் ரிலீஸ் எங்கே?" என்று கேட்டிருந்தால், கையில் 29,000 இருக்கும்போதே விஷயம் வெளியே வந்திருக்கும்.

எங்கள் வீட்டில் நான் கேட்டேன். கான்ட்ராக்டர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நம்பிக்கை இல்லையா?" என்கிற மாதிரி ஒரு பார்வை. நமக்கும் சங்கடம்தான், காபி கொடுத்துப் பேசிப் பழகிய மனிதரிடம் பேப்பர் கேட்பது எப்படி? முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்தச் சங்கடம் வந்திருக்காது. நடுவில் புதிதாகக் கேட்டது என் தப்பு. கேபினெட் பட்டறையின் கடிதம் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் கல் மேடை வேலை நின்றது.

பேப்பர் வர இழுத்தடித்தால் இன்னொரு வழி உண்டு: கான்ட்ராக்டர், சப்ளையர் இருவர் பெயரிலும் ஒரே செக் எழுதுவது. இருவரும் பின்னால் கையெழுத்திட்டால்தான் அது மாறும். சப்ளையருக்குத் தெரியாமல் பணம் நகராது.

எல்லா இடத்திலும் ஒன்றல்ல

அரசாங்கக் கட்டடத்தின் மேல் லியன் போட முடியாது. பள்ளிக்கூடத்தையோ நீதிமன்றத்தையோ ஏலம் விட முடியுமா? அதனால் அங்கே சொத்துக்குப் பதிலாக ஜாமீன் பத்திரம். மத்திய அரசின் பெரிய வேலைகளுக்கு 1935இல் வந்த மில்லர் சட்டப்படி கான்ட்ராக்டர் ஒரு பேமென்ட் பாண்ட் கொடுக்க வேண்டும். பணம் வராத சப் கான்ட்ராக்டர் அந்தப் பத்திரத்தின் மேல் கேட்டு வாங்கிக்கொள்வார். மாநிலங்களும் இதைப் பார்த்துத் தங்களுக்குச் சட்டம் போட்டிருக்கின்றன.

தனியார் வீடுகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க்கில், கான்ட்ராக்டருக்கு நீங்கள் இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் சப் கான்ட்ராக்டரின் லியன் உங்களைத் தொடும். அதனால் நேர்மையாகக் கொடுத்து முடித்தவர் மறுபடி கொடுக்க வேண்டியது பொதுவாக வராது. லியனைப் பதியும் கெடு மட்டும் நீளம்: 8 மாதம், தனி வீடாக இருந்தால் 4 மாதம். டெக்சாஸில் வீட்டுக்காரர் 10 சதவீதத்தை வேலை முடிந்து 30 நாள் வரை ஒதுக்கிவைத்திருக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அந்த அளவுக்குப் பொறுப்பு அவர் தலையில். குடியிருக்கும் சொந்த வீடு என்றால் அங்கே கணவன் மனைவி இருவரும் வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அது பதிவாகியிருந்தால்தான் லியன் நிற்கும். நியூஜெர்சியில் வீட்டு வேலைக்கு லியன் பதிவதற்கு முன் மத்தியஸ்தரிடம் போய்த் தொகையை நிர்ணயித்துக்கொண்டு வர வேண்டும்.

சரி, எல்லாம் மீறி லியன் விழுந்துவிட்டது. முதலில் தேதிகளைப் பாருங்கள்: நோட்டீஸ் வந்த தேதி, வேலை முடிந்த தேதி, பதிந்த தேதி. ஒன்று தவறினாலும் லியன் ஆட்டம் காணும். அடுத்து உரிமம். கலிபோர்னியாவில் 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆகும் வேலைக்கு உரிமம் வேண்டும் (2025க்கு முன் இந்த வரம்பு 500 டாலராக இருந்தது). உரிமம் இல்லாதவர் லியன் போடவும் முடியாது, பணம் கேட்டு வழக்குப் போடவும் முடியாது. வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, வாங்கிய பணத்தையே திருப்பித் தரச் சொல்லி நீங்கள் வழக்குப் போடலாம். எனக்கே இது கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. வீட்டை அவசரமாக விற்க வேண்டியிருந்தால் லியன் தொகையைப் போல் 125 சதவீதத்துக்கு ஒரு பாண்ட் எடுத்துப் பதிந்துவிட்டால் வீடு விடுபடும், சண்டை அந்தப் பாண்டின் மேல் தொடரும். பெரும்பாலும் இந்த அளவுக்குப் போவதற்கு முன்பே இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒரு தொகையில் முடித்துக்கொள்வதுதான் நடக்கிறது.

எங்கள் சமையலறை முடிந்து இரண்டு வருடம் கழித்து ரீஃபைனான்ஸ் செய்யப் போனோம். சொத்தில் வில்லங்கம் உண்டா என்று சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிலிருந்து பேசிய பெண், சமீபத்தில் வீட்டில் ஏதாவது கட்டுமான வேலை நடந்ததா என்று கேட்டார். நடந்தது என்றேன். கடைசித் தவணைக்கான நிபந்தனையில்லாத ரிலீஸ் இருக்கிறதா என்றார். நாலு பெயர், நாலு கடிதம். ஸ்கேன் செய்து அனுப்பினேன். அடுத்த கேள்வி வீட்டு இன்சூரன்ஸ் பற்றி.